மெத்தைக்குக் கீழே

லாரியில் நெடுந்தூரம் அலுப்பில்லாமல் போவது எப்படி என்று மதார் மைதீன் பாய்க்குத் தெரிந்த அளவு லிங்கி வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லிக் காட்டாமலும் அவரால் இருக்க முடியாது. எங்கள் ரப்பர் தோட்டத்து மாதா கோயிலை ஒட்டி மளிகைக் கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்ததும் கடை காலியாகிவிட்டது. சின்ன லாரி மட்டும் மிஞ்சியது. பட்டாளத்துக்கு மரவள்ளிக்கிழங்கும் காய்கறியும் ஏற்றிப்போகச் சொல்லி அதற்கு ஒரு பாஸ் கொடுத்திருந்தார்கள். பெட்ரோல் ஏது? பின்பக்கம் கரியடுப்பு ஒன்றைப் பொருத்தி, அதன் புகையில்தான் வண்டி ஓடியது.

"தங்கச்சி, மல்லாக்கப் படுக்காத. ஒருக்களிச்சுப் படு. முழங்காலுக்கு அடியில தலகாணிய வச்சுக்க. பள்ளம் வருதுன்னு நான் கத்துனா மூச்ச விட்டுடு, புடிச்சு வைக்காத. இஞ்சித் துண்ட வாயில அடக்கிக்க, கொமட்டாது. ஈரத்துணிய மூக்குல போட்டுக்க."

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. "போதும் பாய். நான் என்ன கேமரன் மலைக்குக் காத்து வாங்கவா போறேன்?"

"நீ நோகாம வந்தாத்தான் நமக்கு நல்லது லா. வழியில வலி தாங்காம கத்துனீன்னா எல்லாரும் வந்து எட்டிப் பாப்பானுங்க."

அவர் சொன்னதும் சரிதான். லாரித் தளத்தில் ரப்பர் கட்டைகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, பலகை மேல் காய்ந்த லாலாங் புல், அதன் மேல் சாக்கு, அதற்கும் மேல் அவர் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை. மெத்தையில் ஏழு மாத வயிற்றோடு நான். பலகைக்குக் கீழே, கிழங்கு மூட்டைகளின் மறைவில், என் வீட்டுக்காரர் ஆரோக்கியநாதன்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்து வீட்டு முருகையா அப்படி ஏறிப் போனவர்தான். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. அவர் மனைவி நீலாவதி பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கண்ணாடி முன்னால் நிற்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். இந்தத் தடவை தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என் வீட்டுக்காரர் பெயரைக் கொடுத்துவிட்டார். கோலப்பிலாவுக்கு அப்பால் மலையடியில் என் தாய்மாமன் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் இவர் பிழைத்துக்கொள்வார். வழியில் பிடிபட்டால் இவரோடு பாயின் தலையும் போகும், என் தலையும் போகும். யாராவது கேட்டால், பிரசவம் பார்க்க வழியில் இருக்கும் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்வதாகப் பேச்சு.

வண்டி கிளம்பியதும் பலகையை ஒரு தட்டு தட்டினேன். கீழிருந்து ஒரு தட்டு வந்தது. எங்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். பள்ளம் வரும்போதெல்லாம் பாய் கத்தினார், நான் மூச்சை விட்டேன். மெத்தை உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கீழே அந்த மனுஷன் முதுகு வெறும் பலகையில் இடிபட, மேலே நான் பஞ்சு மெத்தையில் மகாராணி மாதிரி படுத்திருந்தேன்.

ரந்தாவ் தாண்டும் முன்பே ஜப்பான்காரர்கள் வண்டியை மறித்தார்கள். காவல் கொட்டகை முன்னால் பாய் இறங்கி இடுப்பு வளையக் கும்பிட்டார். பாஸைப் பார்த்தார்கள், என் வயிற்றைப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போது ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "சிரம்பான், சிரம்பான்" என்று அவனும் ஏறிக்கொள்வதாகச் சைகை காட்டினான். முன் சீட்டில் கரிமூட்டைகள். பாய் அவற்றை இறக்கப் போனார். சிப்பாய் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு என் மெத்தையைக் கண்ணால் அளந்தான்.

ஏறி என் கால்மாட்டில் உட்கார்ந்தான். பலகை கிரீச்சிட்டது. அவன் இருந்த இடத்துக்கு நேர் கீழேதான் இவருடைய முழங்கால். பலகை தாழ்ந்து அதை நசுக்குகிறதோ என்னவோ, என்னால் தட்டியும் கேட்க முடியாது. அவன் பூட்ஸைக் கழற்றினான். மெத்தையை அமுக்கிப் பார்த்தான், சிரித்தான். பிறகு என் முழங்காலுக்கு அடியில் இருந்த தலையணையை உருவித் தன் முதுகுக்கு வைத்துக்கொண்டான். அந்த நிமிஷம் அவனைக் கடித்துத் துப்பிவிடலாம் போல இருந்தது எனக்கு.

அதற்கப்புறம் ரோடு மோசம். பாய் கத்தினாரா, எனக்குத்தான் கேட்கவில்லையா தெரியாது. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு வலி. பிள்ளை இங்கேயே வந்துவிடுமோ என்று பயந்துபோனேன். பயந்தால் எனக்கு வாய் தானாகச் செபம் சொல்லும்.

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க..."

எங்கள் ஆட்களுக்குத் தெரியும், செபமாலை ஒருத்தராகச் சொல்வதில்லை. முதல் பாதியை ஒருவர் சொன்னால் மறுபாதியை மற்றவர்கள் சொல்லி முடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பாதி என்னுடையது, மறுபாதி அவருடையது. கல்யாணமானதிலிருந்து ஒரு சாயங்காலம் தவறியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதல் பாதியை முடித்து மூச்சு வாங்கினேன்.

கீழேயிருந்து, தெளிவாக, ஆண் குரல். "அர்ச்சிஷ்ட மரியாயே..."

சட்டென்று கண்ணைத் திறந்தேன். குரலும் உடனே நின்றுவிட்டது. சிப்பாய் நிமிர்ந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். மெத்தையைப் பார்த்தான். முட்டிபோட்டு எழுந்து, துப்பாக்கி முனைக் கத்தியால் மெத்தையின் ஓரத்தை மெல்ல நெம்பித் தூக்கினான். சாக்குத் தெரிந்தது, சாக்குக்கு அடியில் லாலாங் புல் தெரிந்தது.

"சர்வேசுரனுடைய மாதாவே! பாவிகளாயிருக்கிற எங்களுக்காக..."

முன்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. கருவாட்டு விலையைக் கூவுகிற அதே கடைக் குரல். கண்ணாடி இல்லாத பின்ஜன்னல் வழியாகப் பாய் தன் முகத்தைத் திருப்பிக் காட்டி, வாய் அசைவது தெரிய, மறுபாதியை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார்.

"சொல்லு தங்கச்சி. நிறுத்தாத."

சொன்னேன். அவர் பதில் சொன்னார். மறுபடி சொன்னேன், மறுபடி பதில் வந்தது. சிப்பாய் ஜன்னலையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கத்தியை எடுத்தான். மெத்தை பழையபடி விழுந்தது. அவன் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான், ஆனால் தூங்கவில்லை. சிரம்பான் வரை நாங்கள் நிறுத்தவே இல்லை. என் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வயிற்று வலி எப்போது அடங்கியது என்றே எனக்குத் தெரியாது.

சிரம்பானில் அவன் இறங்கிப் போனான். போகும்போது தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். போய்த் தொலையட்டும்.

பலகையைத் தட்டினேன். பதில் இல்லை. இன்னொரு தட்டு. இல்லை. கரிப்புகை கீழே அடைந்து மூச்சு முட்டிவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. "பாய், நிறுத்துங்க" என்றேன். டவுனுக்குள் எப்படி நிறுத்துவார்? புக்கிட் புத்துஸ் மலை வளைவில், காட்டு மரங்கள் ரோட்டை மூடுகிற இடத்தில்தான் நிறுத்தினார். இரண்டு பேருமாகப் பலகையை இழுத்தோம்.

இவர் முகமெல்லாம் கரி. கண் மூடியிருந்தது. தன் சட்டையைச் சுருட்டித் தானே வாயில் அடைத்திருந்தார். நான் அலறியதும் கண்ணைத் திறந்தார். சிப்பாய் இறங்கிவிட்டான் என்று தனக்கு எப்படித் தெரியும், அதனால்தான் தட்டவில்லையாம்.

"அறிவிருக்கா ஒங்களுக்கு? கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியல?" என்று அழுதுகொண்டே தோளில் அடித்தேன்.

"நீ பாதியில நிறுத்துன, சூச. அதுவா வந்துருச்சு" என்றார்.

பாய் மலையோரத்துத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?"

"சாயங்காலமானா நீங்க எல்லாம் கோயிலுக்குள்ள போயிடுறீங்க. கடைக்கு ஒரு ஆளும் வர்றதில்ல. சும்மா ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தா வராதா என்ன?"

"ஒங்க ஆண்டவன் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அத நானும் அவனும் பேசிக்கிறோம். நீ ஏறு."

இவர் மறுபடி கீழே போனார். சட்டையை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். பாய் தன் தோள் துண்டைச் சுருட்டி என் முழங்காலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். வண்டி நகர்ந்தது. கோலப்பிலாவில் இன்னொரு காவல் கொட்டகை இருந்தது. நான் உதட்டை இறுக மூடிக்கொண்டு கிடந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

முன்னாலிருந்து பாய் குரல் கொடுத்தார். "சொல்லணும்னா சத்தமா சொல்லு தங்கச்சி. மீதிக்கு நான் இருக்கேன்."

நான் முதல் பாதியை ஆரம்பித்தேன்.