சட்டியில் கிடந்த தலை

கொய்யா மரத்தடியில் மூன்று கல் அடுக்கி, அதன்மேல் அகலமான மண்சட்டி வைத்து, பிரீனா குருவிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. காலையில் பழைய தண்ணீரைக் கவிழ்ப்பாள். தேங்காய் நாரால் வழுவழுப்பைத் தேய்ப்பாள். மூன்று விரல் ஆழத்துக்குமேல் ஊற்றமாட்டாள். ஊற்றினால் தவிட்டுக்குருவிகள் இறங்கப் பயந்தன.

வியாழக்கிழமை அந்தச் சட்டிக்குள் ஒரு கோழி எலும்பு கிடந்தது.

அவள் வீட்டில் கோழி வாங்கி ஒரு மாதமாகிறது. கணவன் ஜெஃப்ரின் மஸ்கட்டில். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளைக்கு இது ஐந்தாம் மாதம். பிள்ளையைக் கலைக்க யாரோ செய்வினை செய்து கூடோத்திரம் வைத்துவிட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது.

யார்? மதிலுக்கு அந்தப் பக்கம் முத்துக்கனிதான் இருக்கிறாள். கூரையில் உரசுகிறதென்று அவளுடைய முருங்கைக் கொம்பைப் பிரீனா போன மாதம் வெட்டவைத்தபோது, ஒன்றும் சொல்லாமல் சிரித்தவள். அது சும்மா சிரித்த சிரிப்பா?

மத்தியானம் முத்துக்கனி வழக்கம்போல மதில்மேல் கிண்ணத்தை நீட்டினாள்.

"ஏட்டி, அயிலை மீன் கறி. ரெண்டு தலையும் உனக்குன்னு எடுத்து வச்சதாக்கும்."

"எதுக்குக்கா தினமும்?"

"வயித்துப் பிள்ளைக்காரிக்கு நாக்கு கேக்காதா?"

பிரீனா அதை அப்படியே பின்புறக் குப்பைக்குழியில் கொட்டினாள். கிண்ணத்தைக் கழுவிக் கொடுக்கும்போது, "நல்ல ருசிக்கா" என்றாள்.

மறுநாள் காலை சட்டிக்குள் ஒரு மீன் தலை.

இனி பொறுப்பதில்லை என்று முத்துக்கனியைக் கூப்பிட்டாள். அவள் முந்தானையில் கை துடைத்தபடி கேட்டைத் திறந்து வந்தாள்.

"இது என்னதுக்கா? நேத்து எலும்பு, இன்னைக்குத் தலை. யாரு போடுறது?"

முத்துக்கனி குனிந்து பார்ப்பதற்குள் குழிப்பக்கமிருந்து ஒரு காகம் பறந்து வந்து சட்டி விளிம்பில் உட்கார்ந்தது. அலகிலிருந்த இன்னொரு தலையைத் தண்ணீரில் போட்டு, புரட்டிப் புரட்டி நனைத்துக் கொத்தியது.

பிரீனாவுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே போனது.

முத்துக்கனி சட்டியைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், பிரீனாவின் கை வயிற்றை மூடியிருப்பதையும் பார்த்தாள்.

"நான் வச்ச கறி காக்காய்க்குப் பிடிச்சிருக்கு போல."

"அக்கா, நான்..."

முத்துக்கனி நிற்கவில்லை.

அன்று மத்தியானம் மதில்மேல் கிண்ணம் வரவில்லை. முத்துக்கனியே கிண்ணத்தோடு உள்ளே வந்து, நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தின்னு. நான் பாக்கணும்."

பிரீனா மீன் தலையை உறிஞ்சி முடித்து முள்ளை ஓரத்தில் வைக்கும்வரை, முத்துக்கனி அவள் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.