காண்ட்ராக்டர் பால்பாண்டி

தல்லாகுளத்தில் தொழிலாளர் அலுவலக வாசலில் வண்டி நின்றதும் பின்னாலிருந்து இறங்கிய பால்பாண்டி முன்னால் வந்து பார்த்தான். டிவிஎஸ் 50 முகப்பில், விளக்குக்குக் கீழே, சிவப்பு எழுத்தில் 'காண்ட்ராக்டர்' என்று ஒட்டியிருந்தது. ஐந்தாறு வருசமாக இருப்பதுதான். இன்றைக்குத்தான் கண்ணை உறுத்தியது.

"இதை ஏன் மாப்ள நேத்தே சொல்லல?"

ஓட்டிவந்த மைத்துனன் சிவனாண்டி இறங்கி வேட்டியை உதறினான். "என்னத்த மச்சான் சொல்ல? ஒங்க வண்டி, ஒங்க பட்டம். ஊரு பாக்கணும்னுதான ஒட்டுனீக."

பட்டம் முதலாளி கொடுத்தது. அவனியாபுரத்தில் ஹரிராமின் சாயப்பட்டறையில் பால்பாண்டி நூல் பிழிகிறவன். ஒரு பொங்கல் கழிந்து ஹரிராம் எல்லோரையும் நிற்கவைத்து, இனிமேல் இங்கே கூலியாள் கிடையாது, ஆளுக்கு ஆள் காண்ட்ராக்டர் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். பால்பாண்டி அப்போதுதான் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்திருந்தான். மற்றவர்கள் கைநாட்டு வைக்க, அவன் மட்டும் பெயரை எழுதினான். அந்தச் சந்தோசத்தோடு ஆரப்பாளையம் போய் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தான்.

போன ஆடியில் நூல் பிழியும் உருளை அவன் வலது கையை உள்ளே இழுத்துவிட்டது. விரல்கள் இருக்கின்றன, மடங்காது. ஹரிராம் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனார். நஷ்டஈடு என்று வாயைத் திறந்தபோதுதான், "நீ காண்ட்ராக்டர்ல, ஒன் கைக்கு நீதான் பொறுப்பு" என்றார். பால்பாண்டி அவரிடம் வேலைக்காரன் என்று ஆனால் முதலாளி கொடுத்தாக வேண்டும். அந்தப் பணத்தில் டாக்டர் இன்னொரு தடவை கையைத் திறந்து பார்ப்பார். காண்ட்ராக்டர் என்று ஆனால் இந்தக் கை இப்படியேதான். இன்றைக்கு அந்த விசாரணை.

"என்ன பேரு வச்சாங்கங்கிறது முக்கியமில்ல பால்பாண்டி," என்று வக்கீல் விஸ்வநாத் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "எப்ப வரணும், எந்த நூலை முதல்ல போடணும், யார் சொல்றா? மெஷின் யாரோடது? அதைத்தான் பாப்பாங்க."

அவர் அறையில் கேட்டபோது புரிந்தது. வாசலில் நிற்கும்போது சிவப்பு எழுத்து மட்டும்தான் புரிந்தது. பால்பாண்டி இடது கையால் ஒரு காசை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தான். பழக்கமில்லாத கை, வழுக்கியது. 'காண்' மட்டும் உரிந்தது.

"மிச்சத்தை விட்ருங்க மச்சான். டிராக்டர் வச்சிருக்கம்னு நெனச்சுக்கிருவாங்க."

சிரிக்க ஆளில்லை. பின்னால் ஹரிராமும் அவருடைய வக்கீலும் நின்றிருந்தார்கள். வக்கீல் வண்டியைப் பார்த்தார், காசைப் பார்த்தார், உள்ளே போனார்.

உள்ளே அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"வாசல்ல எதைச் சுரண்டிக்கிட்டு இருந்தீங்க?"

"ஸ்டிக்கருங்க."

"என்ன போட்டிருந்தது?"

"காண்ட்ராக்டர்னு."

"யார் ஒட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நாந்தேன்."

முதலாளியின் வக்கீல், விசாரணை நடத்தும் அதிகாரியம்மா பக்கம் திரும்பினார். "ஊருக்கெல்லாம் தன்னைக் காண்ட்ராக்டர்னு காட்டிக்கிட்டவர், இங்க வர்றப்ப மட்டும் மறைக்கிறார் மேடம்."

விஸ்வநாத் கண்ணை மூடிக்கொண்டார். பால்பாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. சும்மா விட்டிருந்தால் வெறும் ஸ்டிக்கர். சுரண்டி அதைத் திருட்டுத்தனமாக ஆக்கியாயிற்று.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "காண்ட்ராக்டர் ஆனப்புறம் ஒங்களுக்கு என்ன மாறுச்சு?"

விஸ்வநாத் சொல்லிக்கொடுத்த ஒன்றும் நாக்கில் வரவில்லை. மெஷின் என்று ஏதோ சொன்னாரே.

"ஒண்ணும் மாறலங்கம்மா. முன்னாடி 'பால்பாண்டி, வாடா'ம்பாக. அப்புறம் 'காண்ட்ராக்டரே, வாடா'ன்னாக."

வாசலண்டை சிவனாண்டி சிரித்துவிட்டான். பியூன் அதட்டினார். ஹரிராமின் முகம் கறுத்தது.

"அது பிரியமா கூப்பிடறதும்மா. பன்னண்டு வருசமா எங்கிட்ட வேலை பாக்கறவன், நான் வாடான்னு கூப்பிடக்கூடாதா? லேட்டா வந்தா வெளிய நிக்க வைக்கறேன், அப்பல்லாம் கோவிக்காதவனுக்கு இப்ப என்ன?"

அவருடைய வக்கீல் அவர் தொடையை அழுத்தினார். அதற்குள் சொல்லி முடித்திருந்தார்.

"அப்படியே டைப் பண்ணுங்க," என்றார் அதிகாரியம்மா. டைப்ரைட்டர் தடதடத்தது. தனக்கு எதிராகத்தான் ஏதோ ஏறுகிறது என்று பால்பாண்டி நினைத்தான். அதிகாரியம்மா தாளை உருவி வாசித்தார். "'என்னிடம் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறவன். தாமதமாக வந்தால் வெளியே நிற்க வைப்பேன்.' நீங்க சொன்னதுதான?"

ஹரிராம் காலையிலிருந்து முதல் தடவையாகப் பால்பாண்டியைப் பார்த்தார். முகத்தை இல்லை, கையை.

"சொன்னதுதாம்மா," என்றார்.

விஸ்வநாத் பால்பாண்டியின் காதருகில் குனிந்தார். "போதும், அவரே ஒத்துக்கிட்டார். இனிமே யார் என்ன கேட்டாலும் நீங்க சொன்னதையே சொல்லுங்க."

பால்பாண்டி காதை இன்னும் அவர் பக்கம் சாய்த்தான்.

"எதைங்க சார்?"