பதினொரு சதவீத வருகை

பொம்மசந்திராவில் பாட்டில் மூடி செய்யும் எங்கள் கம்பெனியில் ஒருநாள் எல்லோருக்கும் ‘பணித்திறன் மேம்பாடு’ வந்துவிட்டது. சளி, காய்ச்சல் வருகிற மாதிரிதான். முதலில் ஜெனரல் மேனேஜர் மஞ்சுநாத்துக்கு வந்தது. ஏதோ ஹோட்டல் கருத்தரங்குக்குப் போனவர் அங்கே தொற்றிக்கொண்டு வந்து, மறுநாளே அட்மின் பிரிவு முழுவதற்கும் பரப்பிவிட்டார். மூன்று நாள் பயிற்சி, முடிவில் சான்றிதழ். சான்றிதழ் உள்ளவருக்கே அட்மின் ஆபீசர் பதவி.

அந்தப் பதவி நான் ஓய்வு பெற்றபோது காலியானது. காலியானது என்று பெயர்தான். வாரத்தில் மூன்று நாள் ‘ஆலோசகர்’ என்று சொல்லிக்கொண்டு நானேதான் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னுடைய இருபத்தாறு வருட நிர்வாக அனுபவத்தை வடிகட்டினால் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சும். யார் எதைக் கேட்டாலும், “மித்ராவைக் கேளுங்க.”

மித்ரா என்கிற சங்கமித்ரா மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். பதினான்கு வருடமாக ஆபீஸ் அசிஸ்டென்ட். ஒருநாள் அவர் லீவு போட்டால் எங்கள் லிஃப்ட்டுக்கே எந்த மாடியில் நிற்பது என்று மறந்துபோகும். ஆபீசர் பதவிக்கு அவரைவிட்டால் ஆளில்லை. கிடைக்காவிட்டால், வருகிற ஆபீசருக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டே அவரும் ஓய்வு பெற வேண்டியதுதான். வரப்போகிற அந்த ஆபீசர் எங்கள் பிரிவிலேயே இருந்த ஹெர்பர்ட் என்று பேச்சு. ஹெர்பர்ட் தங்கமான மனிதர். வேலை மட்டும் தெரியாது. ஆனால் அவர் சட்டையின் இஸ்திரி மடிப்பில் பென்சில் சீவலாம்.

பயிற்சி கொடுக்க வந்த அஷ்வினுக்கு முப்பது வயதிருக்கும். கையில் நானூறு ஸ்லைடு. முதல் ஸ்லைடில், ‘அலுவலகம் என்றால் என்ன?’ அந்தக் கேள்வியைத் தாண்டுவதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. சாப்பாட்டைச் சொல்லிவைத்தவர் சங்கமித்ரா. புரொஜெக்டருக்குச் சரியான கேபிள் தேடி ஹோசூர் ரோடுக்கு ஓடியவரும் அவரே. இரண்டாம் நாள் அஷ்வினின் கார் எங்கோ மாட்டிக்கொண்டபோது, டிரைவருக்குப் போனில் சந்து சந்தாக வழி சொல்லிக்கொண்டு ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றார். மூன்றாம் நாள் ‘நெருக்கடி மேலாண்மை’ பாடம். நடுவில் கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. அஷ்வின் இருட்டிலேயே நெருக்கடியைச் சமாளிப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். சங்கமித்ரா கீழே டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் முதல் வரிசையில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன். அது ஒரு கலை; மூன்று நாளும் தவறாமல் பயிற்சி செய்தேன்.

ஒவ்வொரு மணிக்கும் அஷ்வின் ஹாலைச் சுற்றி வந்து எங்கள் அடையாள அட்டைகளைப் போனில் படம் பிடித்தார். அதுதான் வருகைப்பதிவு. கடைசியில் எனக்கு நூறு சதவீதம்; ‘ஆழ்ந்து கவனிப்பவர்’ என்று தனிக் குறிப்பு வேறு. ஹெர்பர்ட்டுக்கு ஏ பிளஸ். சங்கமித்ராவுக்குப் பதினொரு சதவீதம். சான்றிதழ் இல்லை.

சங்கமித்ரா அஷ்வினிடம் போய்க் கேட்டார். முடிவு செய்வது சிஸ்டம், தான் இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார்.

“நீங்க கிளாஸ்ல இல்லையே மேடம்.”

“நான் வெளிய ஓடுனதாலதான சார் உள்ள கிளாஸ் நடந்துச்சு.”

அருமையான கருத்து என்று பாராட்டிய அஷ்வின், அதைக் கருத்துப் படிவத்தில் எழுதித் தரச் சொன்னார். படிவம் தீர்ந்துவிட்டதால் ஜெராக்ஸ் எடுக்கப் போனதும் சங்கமித்ராதான். வருகிற வழியில் எங்கள் எல்லோருடைய சான்றிதழ்களையும் லேமினேஷன் செய்து எடுத்து வந்தார்.

பயிற்சியின் சூடு ஆறுவதற்குள் மஞ்சுநாத் ஒரு சுற்றறிக்கை விட்டார். சான்றிதழ் பெறாதவர்கள் நிர்வாக ஃபைல்களைத் தொடக் கூடாது. அவை குறித்து யாருக்கும் தகவல் சொல்லவும் கூடாது. வியாழக்கிழமை ஆடிட் முடிந்ததும் ஹெர்பர்ட்டுக்கு ஆர்டர். சுற்றறிக்கையை டைப் செய்து, போர்டில் குத்திவிட்டு, சங்கமித்ரா தன் இடத்துக்கு வந்து கைகட்டி உட்கார்ந்தார். பதினான்கு வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். உயரமானவர் என்றே நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை ஆடிட்டர் அம்மா வந்தார். எங்கள் மூடிகளை மொத்தமாக வாங்குகிற கம்பெனி அனுப்பியவர். அவர் உதட்டைப் பிதுக்கினால், அத்தனை மூடியையும் நாங்களே வீட்டுக்குக் கொண்டுபோய் மூட ஏதாவது தேட வேண்டியதுதான். அவர் முதலில் கேட்டது பயிற்சி ஃபைல்.

ஹெர்பர்ட் பீரோவைத் திறந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபைல்கள். முதுகில் வெறும் நம்பர். எந்த ஃபைலுக்காக யார் எவ்வளவு கத்துவார்கள் என்பதை வைத்து சங்கமித்ரா அடுக்கிய வரிசை அது. மஞ்சுநாத் கத்துபவை கையெட்டும் தட்டில், மாசு வாரியம் கத்துபவை அதற்கு மேலே, யாருமே கத்தாதவை தரையோடு. பதினான்கு வருடக் கத்தலையும் காதில் வாங்கியவருக்குத்தான் அந்த பீரோ திறக்கும். நானூறு ஸ்லைடில் எதிலும் அது இல்லை.

அரைமணி நேரம் தேடிய ஹெர்பர்ட்டின் சட்டை முதல் முறையாகக் கசங்கியது. சங்கமித்ராவின் மேஜைக்கு வந்தார்.

“மித்ரா, எந்த நம்பர்னு மட்டும் சொல்லும்மா.”

“சொல்லக் கூடாதே ஹெர்பர்ட். ரெண்டாவது பாரா படிக்கலையா நீங்க?”

அடுத்து மஞ்சுநாத்தே ஓடி வந்தார். “ஏனம்மா இது? அந்தம்மா நாலாவது காபி குடிக்கிறாங்க.”

“சர்டிஃபிகேட் இல்லாதவகிட்ட ஃபைல் கேட்டீங்கன்னு தெரிஞ்சா, அவங்க உங்க மேலதான் எழுதுவாங்க சார்.”

மஞ்சுநாத் அங்கேயே நின்று அஷ்வினுக்குப் போன் போட்டு, உடனே ஒரு சான்றிதழ் அனுப்பச் சொன்னார். அதற்கு வழியே இல்லை, அடுத்த மாத மறுபயிற்சியில் சேரட்டும் என்றார் அஷ்வின். அதற்கான ஏற்பாடுகளை யாரிடம் பேசுவது என்று கேட்டால், சங்கமித்ரா மேடத்திடம் என்றார்.

மஞ்சுநாத் போர்டுக்குப் போய்ச் சுற்றறிக்கையைக் கிழித்தார். “ஆயித்தா? முடிஞ்சுதா? இப்போ எழுந்திரு மித்ரா.”

“அது போச்சு சார். ஆபீசர் ஆர்டர்?”

“நீயே டைப் பண்ணிக்கோ, கையெழுத்துப் போடறேன்.”

“என் ஆர்டரை நானே டைப் பண்ணா நல்லாருக்காது சார்.”

மஞ்சுநாத் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒரே விரல். ஒவ்வோர் எழுத்தையும் காட்டில் காணாமல்போன ஆட்டைப் போலத் தேடிப் பிடித்தார். உள்ளே ஐந்தாவது காபி போயிற்று, ஆறாவது போயிற்று. சங்கமித்ரா ஆர்டரை இரண்டு முறை படித்து, தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். போட்டதும் மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு எழுந்து, பீரோ பக்கம் பார்க்காமலே கையை நீட்டி ஃபைலை உருவினார்.

ஆடிட்டர் அம்மா நிதானமாகப் புரட்டினார். பதினொரு சதவீதத்தில் விரலை வைத்து, யார் இது என்று கேட்டார்.

“நான்தாங்க. இங்க அட்மின் ஆபீசர்.”

ஆடிட்டர் அம்மா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். ஆவணங்கள் எல்லாம் கச்சிதம். ஒரே ஒரு குறை: நிர்வாக அலுவலர் போதிய பயிற்சி பெறாதவர். அறிக்கையின் அடியில் ‘நிர்வாக அலுவலர்’ என்று அச்சடித்திருந்த கோட்டுக்கு மேல் சங்கமித்ரா தன் முழுப் பெயரையும் அவசரமில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.