சமையலறைக்கு ஒரு ஜன்னல்

...ஆக மூன்று மென்பொருள், ஒன்றின் விலையைப் பார்த்தாலே தலை சுற்றும், இன்னொன்று மலிவுதான், ஆனால் ஒரு கோடு போட நாலு இடத்தில் அழுத்த வேண்டும், மூன்றாவது... மூன்றாவதைத்தான் இருபத்தொன்பது நாளாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன், முப்பது நாள்தான் இலவசம், மூலையில் சிவப்பாக ‘இன்னும் ஒரு நாள்’ என்று நிற்கிறது. கட்டிடக்கலை முதல் வருடம் படிக்கிற மகள், வரைய எது தோதுன்னு பார்த்துச் சொல்லும்மா, விசாரிச்சு வாங்குறதுல நீதான் கெட்டிக்காரி என்று ஐஸ் வைத்தாள், நானும் உச்சி குளிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இப்போது குளித்துக்கொண்டிருக்கிறாள், வெள்ளிக்கிழமை வரைபடம் கொடுத்தாக வேண்டும், வெளியே வந்ததும் கேட்பாள், என்ன சொல்லப் போகிறேன்?

முதலில் சோதனைக்காகத்தான் எங்கள் வீட்டை வரைந்தேன், அளவெடுப்பது எனக்கென்ன புதிதா, திரைச்சீலைக் கடையில் பதினாறு வருடம், டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரார் ஜன்னலையெல்லாம் அளந்தவள்... கோடு இழுத்தால் கோணாமல் நிற்கிறது, தப்பென்றால் ஒரு தட்டு, போயே போச்சு, வாழ்க்கையில் வேறு எதை அப்படி அழிக்க முடிந்தது எனக்கு? மறுநாள் சமையலறை. எங்கள் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது, வதக்கும்போது கண் எரிந்து அழுதால் எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியாது, கை சும்மா இருக்குமா, மேற்குச் சுவரில் நாலுக்கு மூன்றரை அடியில் ஒரு ஜன்னல் வைத்தேன், அதை ஒட்டி ஒரு பெஞ்சு, அப்புறம்... கடை விட்டு வந்தால் முகம்கூடக் கழுவாமல் இதன் முன்னால்தான். இன்னுமாம்மா பார்க்குற? அவசரப்பட்டா ஆகுமாடி, நாலையும் பார்த்துத்தான் வாங்கணும்... பொய், அப்பட்டமான பொய். மாணவர்களுக்கு இதைச் சும்மாவே தருகிறார்கள், கல்லூரி அடையாள அட்டை போதும், இரண்டாம் நாளே தெரியும் எனக்கு. சொல்லிவிட்டால் வீட்டிலிருக்கும் ஒரே மடிக்கணினி அவளோடு போய்விடும். சோதனைப் பதிப்பில் வரைந்தால் குறுக்கே முத்திரை விழும், கல்லூரியில் வாங்கமாட்டார்கள் என்று அவள் அங்கேயே கம்ப்யூட்டருக்கு வரிசையில் நின்று வாடி வதங்கி வருகிறாள், பெற்ற பிள்ளையிடமே ஒளித்திருக்கிறேனே, சீ, என்ன அம்மா நான்?

கதவு திறக்கிறது, ஈரத் தலையோடு தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள்.

“நம்ம கிச்சன்ல ஏதும்மா ஜன்னல்?”

“போட்டா என்ன, காசா பணமா?” இனி மறைத்து என்ன ஆகப்போகிறது... “உனக்கு இது சும்மாவே கிடைக்கும்டி. ரெண்டாம் நாளே தெரியும்.” போட்டு உடைத்துவிட்டேன், திட்டட்டும், நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை, அவளோ படத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், முடியிலிருந்து மேசையில் தண்ணீர் சொட்டுகிறது.

“ஜன்னலுக்கு மேல தாங்குற லிண்டல் போடலையேம்மா. சுவர் உட்கார்ந்துடும்.” அவ்வளவுதான், அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைக்கிறாள். “நீயே ஃபில் பண்ணு, தலை துவட்டிட்டு வரேன்.”

அவள் பெயர், பிறந்த தேதி, கல்லூரி, எல்லாம் போட்டாயிற்று, கடைசியில் ஒரு கேள்வி, நீங்கள் மாணவரா, ஆம், இல்லை... அவளைத்தானே கேட்கிறார்கள், ஆம் என்று தட்டிவிட்டு எழுந்துபோக வேண்டியதுதானே, என்னையே கேட்டதுபோல ஏன் அந்த ‘ஆம்’ மேலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்...