ஒரு பிள்ளைக்காக

ஜெபக்காவுக்கு வெண்கலத் தொண்டை. அவள் ஜெபித்தால் பரலோகத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். புதன்கிழமைக் கூட்டத்தில் எல்லோருடைய கஷ்டத்தையும் ஆள் அடையாளத்தோடு ஆண்டவரிடம் ஒப்படைப்பது அவள்தான். ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, ஊர் வாயில் போய் விழுந்துவிடும்.

அப்படித்தான் டெய்லரம்மாவின் குடி கெட்டது. ஜெயிலிலிருந்து வந்த மகன் ஒரு பேக்கரியில் சேர்ந்து, இருக்கிற இடம் தெரியாமல் மாவு பிசைந்துகொண்டிருந்தான். பெற்ற மனசு கேட்காமல், "அவனுக்காக ஜெபிங்கக்கா, வெளியே மட்டும் தெரிய வேண்டாம்" என்று ஜெபக்கா காதில் போட்டுவைத்தாள். அந்தப் புதனே, "சிறையிலிருந்து வந்த எங்கள் டெய்லர் சகோதரியின் மகனைக் கண்ணோக்கும் கர்த்தாவே!" என்று முழங்கிவிட்டாள் புண்ணியவதி. முன்வரிசையில் உருக்கமாக ஆமென் சொன்னது பேக்கரி முதலாளியம்மா! மறுநாள் வேலை போயிற்று. அந்த வாரமே பையனும் போனான். எங்கே என்று இன்றுவரை தகவல் இல்லை.

டெய்லரம்மா அதன்பிறகும் கூட்டத்துக்குப் போனாள். ஆனால் வாய்விட்டு ஜெபிப்பதை விட்டுவிட்டாள்.

ஒரு புதன் மத்தியானம் ஜெபக்கா டெய்லரம்மாவின் கடைக்குள் வந்து தையல் மெஷின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். வெண்கலத் தொண்டையில் காற்றுதான் வந்தது.

"என் மக மாத்திரையை அள்ளிப் போட்டுக்கிட்டா. ஐசியூல கிடக்கா. கண்ணே தொறக்கல."

மெஷின் நின்றது.

"கூட்டத்துல சொல்லுங்களேன். எல்லாரும் ஜெபிப்பாங்க."

"ஐயோ, வேண்டாம்! நாளைக்கு அவ பொழச்சு வந்தா தெருவுல தலைகாட்ட வேண்டாமா? உனக்கு நான் செஞ்சது எனக்குத் தெரியும்டி. ஆனா நீ ஒருத்திதான் வெளிய சொல்லமாட்டே. அவளுக்காக ஜெபி."

டெய்லரம்மாவுக்குள் நல்லா வேணும் என்று ஒரு நினைப்பு எழுந்தது. அதைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது.

மாலைக் கூட்டத்தில் ஜெபக்காவின் நாற்காலி காலி. "அக்கா ஏன் வரல? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள் பேக்கரி முதலாளியம்மா. டெய்லரம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜெபக் குறிப்பு என்று சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்லவும் முடியாது. வார்த்தை நுனிநாக்குவரை வந்துவிட்டது.

அதை விழுங்கிக்கொண்டு முழங்காலிட்டாள். கண்ணை மூடினால் தன் மகன் முகம்தான் வந்தது. சாப்பிட்டானோ, யார் வாசலில் படுத்துக் கிடக்கிறானோ. ஆண்டவரே, என் பிள்ளையை என்று தொடங்கியவள் மேலே போக முடியாமல் நின்றாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருத்தி இப்படித்தானே நிற்பாள்? பாவி, அவள் பெற்றதும் பிள்ளைதானே. முதலில் அந்தப் பிள்ளையைப் பாரும் ஆண்டவரே. என் பையன் அப்புறம். அந்த 'அப்புறம்' சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தேம்பித் தேம்பி அழுதாள்.

முதலாளியம்மா முதுகைத் தடவினாள். "யாருக்காக இப்படி அழுறீங்க? சொன்னா நாங்களும் சேர்ந்து ஜெபிப்போமே."

"ஒரு பிள்ளைக்காக."

"யாரு பிள்ளை?"

"அவருக்குத் தெரியும்."

முதலாளியம்மா பழக்கதோஷத்தில் ஆமென் என்றாள்.