ஒன்பதாம் நம்பர் வீட்டு நாய்கள்

எனக்குச் சீக்கிரம் கோபம் வரும். முட்டாள்தனத்தைக் கண்டால் இன்னும் சீக்கிரம் வரும். 1967 மழைக்காலத்தில், அந்தமானில் கராச்சர்மாவைத் தாண்டியிருந்த எங்கள் குடியேற்றத்தில் நான்தான் கால்நடை ஊழியன். பதினெட்டுத் தகரக்கூரை வீடுகள், வீட்டுக்கு ஒரு நாய். மாட்டுக்கும் கோழிக்கும் மருந்து கொடுப்பது என் வேலை. நாய்களுக்கு நோட்டுப் போடச் சொன்னவர் டாக்டர் ஜெகநாதன். அவர் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்.

“எந்த வீட்டு நாய்க்குக் கண்ணு மஞ்சளாகுதோ, தேதி போட்டு அந்த வீட்டு நம்பரை எழுதுங்க சிவஞானம். அது போதும்” என்றார்.

ஏன் என்று இரண்டே மாதத்தில் விளங்கிவிட்டது. நாய் படுத்த வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஆள் படுத்தார். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, பிறகு கண்ணில் மஞ்சள். வயல் தண்ணீரில் எலி மூத்திரம் கலக்கிறது, அதில்தான் நாயும் நடக்கிறது ஆளும் நடக்கிறான், நாய்க்கு நோய் முந்திக்கொள்கிறது என்றார் டாக்டர். காய்ச்சல் கண்டதுமே பென்சிலின் போட்டால் ஆள் தப்பும். ஆனால் பென்சிலின் மெட்ராஸ் கப்பலில் வரவேண்டும். எல்லாக் காய்ச்சலுக்கும் போட அவரிடம் மருந்து கிடையாது. ஆகவே நோட்டில் நம்பர் இருக்கும் வீட்டுக்கு ஊசி, மற்றவர்களுக்கு மலேரியா மாத்திரை என்று வைத்துக்கொண்டார்.

சனங்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். நோட்டில் ஏறிய வீட்டில்தான் ஆள் படுக்கிறது, ஆகவே நோட்டுதான் ஆளைப் படுக்க வைக்கிறது. நோட்டில் ஏறிய ஒரு வீட்டுப் பழனிசாமி ஊசி போட்டும் செத்துப்போனதும் அந்தப் பேச்சு கெட்டிப்பட்டது.

நாலாம் நம்பர் சரசு வாசலிலேயே என்னை மறித்தாள்.

“எங்க வீட்டு நம்பர் மத் லிக்கோ அண்ணே, எழுதாதீங்க. எழுதித்தான் ஆகணும்னா ஒன்பதைப் போடுங்க. அங்கதான் ஆளே இல்லையே. தேடிப் போற நோவு பட்டினி கெடந்து சாகட்டும்.”

ஒன்பதாம் நம்பர்க்காரர்கள் தை மாதமே மெயின்லேண்டுக்குத் திரும்பிவிட்டார்கள். வீடு பூட்டாமல் கிடந்தது. “உனக்கு மூளை இருக்கா?” என்று சரசுவைத் திட்டினேன். அவள் அழுதாள். அழுகையை என்னால் தாங்க முடியாது. ஒன்பது என்று எழுதினேன். அடுத்தடுத்து ஆறு வீடுகள் அதையே கேட்டன. ஆறு பேரையும் திட்டிவிட்டு அப்படியே எழுதினேன். நோட்டின்படி ஆளில்லாத அந்த வீட்டில் ஏழு நாய்களுக்கு நோய். மருந்தகத்தை விட்டு நகராத டாக்டருக்கு அது காலி வீடு என்று தெரியாது.

எட்டாவதாக என் வீட்டு நாய் படுத்தது. கப்பல்துறையில் கிடைத்த நாய் என்பதால் என் மனைவி அலமு அதைக் கேப்டன் என்று கூப்பிடுவாள். அதன் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தேன், மஞ்சள்தான். நோட்டைத் திறந்து தேதி போட்டேன். என் வீட்டு நம்பர் பதினொன்று. அலமுவைத் தவிர எனக்கு யாரும் கிடையாது. நான் ஒன்பது என்று எழுதினேன். மூடநம்பிக்கையை ஊர் பூராவும் ஏசிய வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

ஏழெட்டு நாளில் கேப்டன் காணாமல் போனது. அலமு தினமும் சோற்றுக் கிண்ணத்தோடு நின்று கூப்பிட்டாள். நோட்டில் எழுதிய பதினோராம் நாள் காலை, “கெண்டைக்கால்ல கத்தி வெச்ச மாதிரி இருக்குங்க” என்று படுத்துவிட்டாள். உடம்பு கொதித்தது.

மருந்தகத்துக்கு ஓடினேன். டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

“உங்க நம்பர் இல்லையே. மலேரியாவாத்தான் இருக்கும்” என்று மாத்திரையை நீட்டினார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நோய் விலாசம் தெரிந்துகொள்ளும் என்று பயமாக இருந்தது. வெட்கம் வேறு.

“ஒன்பதாம் நம்பர்ல எட்டு நாயாச்சே. அங்கேர்ந்து ஒருத்தர்கூட காய்ச்சல்னு வரலையே. எல்லாரும் விழுந்து கெடக்காங்களோ என்னமோ. ஒரு ஆளுக்குத்தான் மருந்து இருக்கு, எடுத்துக்கிட்டு வர்றேன். நடங்க” என்றார்.

அவர் பின்னால் நடந்தேன். உச்சிப்பொழுது, மழை விட்டிருந்தது. குடியேற்றத்தில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒன்பதாம் வீட்டுக் கதவை டாக்டர் தள்ளினார்.

உள்ளே நாய்கள் இருந்தன. சுவரோரமாக வரிசையாகப் படுத்திருந்தன. எண்ணினேன், எட்டு. மஞ்சள் கண்களால் எங்களைப் பார்த்தன, ஒன்றும் உறுமவில்லை. நோய் கண்ட நாய் ஆளில்லாத இடத்தைத் தேடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதிய அத்தனையும், நான் எழுதிய வீட்டுக்கே வந்திருந்தன.

கடைசியில் கிடந்த ஒன்று மெல்ல எழுந்து, தரையோடு உடம்பை இழுத்துக்கொண்டு வந்து, என் செருப்பின்மேல் தாடையை வைத்தது. வாலை ஒருமுறை ஆட்டியது.

“இது யாரு வீட்டு நாய்?” என்றார் டாக்டர்.

“என் வீட்டு நாய்ங்க.”

அவர் என்னை ஏசவில்லை. மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, “வீட்டைக் காட்டுங்க” என்றார்.

அந்தக் கடைசி மருந்து அலமுவுக்குப் போயிற்று. அன்று மாலையே டாக்டர் முன்னால் உட்கார்ந்து எட்டு நம்பர்களையும் திருத்தினேன். நாலாம் நம்பரில் சரசுவின் புருஷன் பன்னீர்செல்வம் நான்கு நாளாக மலேரியா மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். கப்பல் வியாழக்கிழமை வந்தது. அவர் புதன்கிழமையே போய்விட்டார்.

அலமு எழுந்து நடமாடத் தொடங்கியபின் சரசு ஒருநாள் வந்தாள். பிள்ளைகள் இரண்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

“அவருக்கு விதி முடிஞ்சுபோச்சு அண்ணே. நீங்க எங்க நம்பரை எழுதாம விட்டீங்க பாருங்க, எழுதியிருந்தா இதுங்களும் போயிருக்கும். உங்க புண்ணியம்” என்று கும்பிட்டாள்.

எனக்குக் கோபமே வரவில்லை. கும்பிட்ட அந்தக் கையைப் பார்க்க முடியாமல், “உள்ள வா சரசு, அலமு இருக்கா” என்றேன்.