மாசி மாதத்து விரிசல்

விற்பதற்கு முன் வீட்டை ஓர் இன்ஜினீயரிடம் காட்டி அறிக்கை வாங்கிவிட வேண்டும் என்று சிங்கப்பூரிலிருந்து என் மகன் சேரன் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மன்னார்குடிப் பக்கம் வீடு வாங்க வருகிறவர்கள் வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள், பத்திரத்தைப் புரட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. பின்னறைச் சுவரிலுள்ள விரிசலுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் தண்ணீருக்குப் போட்ட போர்வெல்தான் காரணம் என்று என் கணவர் ராஜராஜன் சாகும்வரை சொன்னார். படித்தவர் ஒருவர் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அவர் பேரைக் காப்பாற்றிய நிம்மதியோடு கிளம்பிவிடுவேன்.

தஞ்சாவூரிலிருந்து பரிதி என்ற பெண் வந்தாள். என் மகளாக இருக்கும் வயது. சுவரை ரப்பர் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். ஈரம் பார்க்கும் கருவியை அங்கங்கே அழுத்தினாள். பிறகு பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தாள். அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே சுற்றினேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஒருத்தர் விடை தேடுகிறார் என்றால் எனக்குக் கால் தரிக்காது.

பின்னறையில் கோலிக்குண்டு தயங்காமல் உருண்டு, மூலையில் நிற்கும் பத்தாயத்துக்கு அடியில் போய் மறைந்தது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அந்த நெல் பெட்டி நாலு வருஷமாகக் காலி. அவர் போனதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன்.

விரிசல் பத்தாயத்தின் தலைக்கு மேலேதான் ஏறுகிறது. அது ஒவ்வொரு முறை நீளும்போதும் அவர் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தார். எல்லாம் அடுத்த வீட்டுக்கு எதிரான சாட்சி. அதைப் பெருமையாகக் காட்டினேன். பரிதி டார்ச் அடித்து மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே இரண்டு தடவை படித்தாள்.

“எல்லாத் தேதியும் பிப்ரவரி கடைசி, மார்ச் மொதல்லயே வருதே டீச்சர். மாசியில இந்த ரூம்ல என்ன நடக்கும்?”

ஒன்றும் நடக்காது, சம்பா அறுவடை முடிந்து ஐம்பது மூட்டை நெல்லைப் பத்தாயத்தில் கொட்டுவோம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அத்தனை மூட்டையின் பாரம் எனக்கே உறைத்தது.

அவள் விடவில்லை. பத்தாயம் எப்போதிருந்து இங்கே இருக்கிறது என்று கேட்டாள். கூடத்தில் டைல்ஸ் போட்ட வருஷம் அதைக் கழற்றி இந்த அறையில் பூட்டினோம். அதே வருஷம்தான் பக்கத்து வீட்டில் போரும் போட்டார்கள். பரிதி வெளியே போய்ச் சுவரோரம் கம்பியால் தோண்டிப் பார்த்தாள். கடைக்கால் இரண்டடி ஆழம்கூட இல்லை, நெல் பாரம் ஏறினால் அந்த மூலை இறங்கத்தான் செய்யும் என்றாள். போர் தண்ணீர் இழுப்பதால் வந்த விரிசல் என்றால் வாய்க்கால் காய்ந்து கிடக்கும் கோடையில் அல்லவா நீள வேண்டும் என்றாள். போர் இப்போது ஓடுகிறதா என்றும் கேட்டாள்.

ஓடவில்லை. மறு வருஷமே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி அவர் மூட வைத்துவிட்டார். மூடிய பிறகும் பன்னிரண்டு கோடுகள் ஏறியிருக்கின்றன. மண்ணுக்குள் பட்ட அடி சீக்கிரம் ஆறாது என்று அவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். கணக்கு டீச்சராம் நான். வெட்கமாக இருந்தது.

“சரி பண்ணிடலாம் டீச்சர், பெரிய வேலை இல்ல. ஆனா போர்னு என்னால எழுத முடியாது.”

அவள் போனதும் அடுத்த வீட்டுக்குப் போனேன். கோவிந்தராசு கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி மங்களாம்பிகை முறத்தோடு வாசலுக்கு வந்தாள். போரை மூடிய நாளிலிருந்து வீட்டுக்குக் குழாய் வரும்வரை, பன்னிரண்டு வருஷம் தெருக்கோடிப் பைப்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள். என் வீட்டு ஜன்னலைத் தாண்டித்தான் போவாள். ஒரு நாளும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு எங்களுடையது என்றேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

“தெரியும் டீச்சர். எங்க கொல்லையிலேர்ந்து பாத்தா அந்தச் சுவருதானே. நீங்க நெல்லு கொட்டுன பத்தாம் நாளு காரை உதிரும். உங்க வீட்டுக்காரர்ட்ட ஒருதரம் சொன்னேன். கேட்டுக்கிட்டுப் பேசாம போயிட்டாரு.”

எப்போது என்று கேட்டேன். போரை மூடிய மறு மாசி என்றாள்.

தெரிந்துகொண்டேதான் வருஷா வருஷம் கோடு போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செத்துப்போனவர் மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன்.

மங்களாம்பிகை முறத்திலிருந்த அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“தண்ணி தூக்கிட்டுப் போறப்பல்லாம் உங்க ஜன்னல்கிட்ட நின்னு பாத்திருக்கேன் டீச்சர். நீங்க ஒரு தடவை திரும்பியிருந்தா சொல்லியிருப்பேன்.”